ஹெலன் பண்ணையில் மாட்டுப் பொங்கல்

1

இந்த வருடம் எங்கள் வீட்டுப் பொங்கல் சிட்னியில் பொங்கவில்லை. சிட்னியிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால் வருகிற ஒரு மாட்டுப் பண்ணையில், இரவல் கேஸ் அடுப்பில் பொங்கியது. போன வாரம்தான் என் மாமனார் மாமியாரை, அதாவது மாமாவையும் அத்தையையும், விமானம் ஏற்றிவிட்டேன். கறம்பக்குடி போய் இறங்கியதும் ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். மாமா சொல்வதில் குதிரை யானை அளவுக்கு வளர்ந்திருக்கும். அதனால், ஊரில் இருக்கும் நீங்கள் நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ளட்டும் என்று நானே எழுதிவிடுகிறேன்.

இங்கே ஜனவரி என்றால் கோடை. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய விடுமுறை. மாமாவும் அத்தையும் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். மெல்போர்னில் இருக்கும் என் நாத்தனார் வளர்மதியும் மகள் நிலாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். எல்லாரும் சேர்ந்து எங்கே போவது என்று பேச்சு வந்தது. நான் கடற்கரை என்றேன். நிலாவுக்குப் பன்னிரண்டு வயது, குதிரைப் பைத்தியம். அவள் குதிரை என்றாள். சின்னப் பிள்ளை கேட்டால் அப்பீல் ஏது? விருந்தாளிகளைத் தங்கவைத்து, கூடவே பண்ணை வேலையும் செய்யவிடுகிற ஒரு இடத்தை வளர் பிடித்துவிட்டாள். காசு கொடுத்துச் சாணி அள்ளுவதற்குப் பெயர் இங்கே சுற்றுலா.

கடற்கரை என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கடலோரத்தில் ஆளுக்கொரு பக்கம் நடக்கலாம். பண்ணை வீடென்றால் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டும். எங்கள் குடும்பம் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே ஸ்டாப்பிங்கில்தான் வந்து நிற்கும். எனக்கும் என் கணவர் செந்திலுக்கும் திருமணமாகிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. குழந்தை இல்லை. ஊரிலிருந்து யார் போன் செய்தாலும், "சாப்பிட்டியா"வுக்கு அடுத்த கேள்வி அதுதான். அத்தை என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பவர்களைத் தடுத்ததும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு இருப்பார்.

இதையெல்லாம் ஒரு பொம்பளை எழுதுவாளா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஊசியும் மாத்திரையும் ஸ்கேனுமாக வருடக்கணக்கில் ஓடி, போன குளிர்காலத்தோடு நானும் செந்திலும் போதும் என்று நிறுத்திவிட்டோம். அந்த முடிவை எடுத்த அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் உண்மை. ஆனால் அத்தையிடம் யார் சொல்வது? "நான் சொல்லிக்கிறேன்" என்றார் செந்தில். இன்றைக்குச் சொல்கிறேன் என்பார். சாயங்காலம் அம்மா அவித்த கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு நாளைக்கு என்பார். பண்ணைக்குப் போய்த் திரும்புவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அந்தம்மா உடைந்து போவாரா, என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமா என்கிற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

பண்ணைக்குப் போகும் முன்பே மாமாவுக்கு மாட்டு விஷயமாக இந்த நாட்டு அரசாங்கத்தோடு ஒரு விசாரணை நடந்து முடிந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார்.

சிட்னி விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஒரு அட்டை நிரப்ப வேண்டும். அண்மையில் பண்ணைக்குப் போனீர்களா, கால்நடைகளைத் தொட்டீர்களா என்று அதில் கேட்டிருக்கும். நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். மாமா அசல் சம்சாரி, மாடும் வயலுமாக வாழ்கிற விவசாயி. பொய் எதற்கு என்று 'ஆமாம்' போட்டுவிட்டார். உடனே தனியாக நிறுத்திவிட்டார்கள். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐயா, நீங்கள் பண்ணைக்குப் போனனீங்களோ?"

"பண்ணைக்கெல்லாம் போகலங்க. வீட்டு வாசல்லயே மாடு நிக்குது."

"மாட்டைத் தொட்டனீங்களோ?"

"தொடாம எப்படிங்க பால் கறக்குறது?"

அந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டாராம். அதிகாரி சிரிக்கவில்லை. மாமாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டு போய், மருந்துத் தண்ணீரில் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அத்தையின் பையிலிருந்த மஞ்சள்தூளையும் குங்குமத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியே கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்த மாமா முதலில் சொன்னது இதுதான்: "கட்டுன பொண்டாட்டி என் செருப்பைக் கழுவுனதில்ல. இந்த ஊரு கவர்மெண்டு கழுவிக் குடுத்துச்சு."

"அப்ப இங்கேயே இருந்துக்கங்க" என்றார் அத்தை.

எனக்கு அந்த அதிகாரியை மெச்சத்தான் தோன்றியது. நம் ஊர் ஆபீஸில் உண்மை சொன்னவனை இப்படி மரியாதையாக நடத்தி நான் பார்த்ததில்லை. இந்த நாட்டில் மாட்டுக்கு ஒரு நோய் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். மாடு அவர்களுக்குச் சும்மா இல்லை என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது.

3

பண்ணையின் சொந்தக்காரர் ஹெலன். அறுபதைத் தாண்டிய அம்மாள். கணவர் இறந்த பிறகும் பண்ணையை விடாமல் நடத்துகிறார். நெட்டை உருவம், வெயிலில் காய்ந்த கை, தலையிலிருந்து இறங்காத தொப்பி. எங்களுக்கு ஒதுக்கிய வீட்டின் ஃப்ரிட்ஜில் காய்கறியும் முட்டையும் மட்டும் வைத்திருந்தார். மாட்டுக்கறி சாப்பிடாத ஆட்கள் என்று வளர் முன்கூட்டியே சொல்லியிருந்தாளாம். மாட்டுப் பண்ணைக்கு வந்து மாட்டுக்கறி வேண்டாம் என்றவர்களை அவர் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை.

மாமாவைக் குதிரையில் ஏற்றிய கதை தனி. முதலில் முடியவே முடியாது என்றார். "நம்ம ஊர்ல குதிரையில ஏறுறது அய்யனார் ஒருத்தர்தான்த்தா. அவரு கோவிச்சுக்குவாரு." நிலா கையைப் பிடித்து இழுத்தாள். சரியென்று கிளம்பியவர், குதிரைக்குப் பக்கத்தில் போனதும் பழக்கதோஷத்தில் ஹெலன் கொடுத்திருந்த பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். சாமி வாகனமல்லவா? பூட்ஸ் போடாமல் ஏற முடியாது, கால் வளையத்தில் மாட்டிக்கொள்ளும் என்று ஹெலன் சொல்ல, காலைக் காட்டியபடி மாமா மறுக்க, நடுவில் நான். கடைசியில் அவர் குதிரையின் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏறினார். ஹெலன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். குதிரை பத்தடி வைத்ததும் மாமா எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் புதுக்கோட்டை டவுன்காரி. அப்பா பேங்க் வேலை. மாடென்றால் பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் தின்பது என்றுதான் தெரியும். கல்யாணமாகி இவர்கள் வீட்டுக்குப் போனபோது மாட்டுத் தொழுவம் இருக்கிற பக்கமே போகமாட்டேன். நம் ஊரில் ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் தெருவே சேர்ந்து கத்தும். "அங்கிட்டுப் போவுது, இங்கிட்டு மறி" என்று மாடு பிடிப்பவரைவிட யோசனை சொல்பவர்கள்தான் அதிகம். ஹெலன் பண்ணையில் அவ்வளவு பெரிய மந்தையை இரண்டு குதிரைக்காரர்களும் ஒரு நாயும் சத்தமே இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நாய் பம்மிப் பம்மி வரும். மாடுகள் தானாகத் திரும்பும். யாரும் கம்பை ஓங்கவில்லை.

அத்தை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "ஒத்தப் பொம்பளை இம்புட்டு மாட்டைக் கட்டி மேய்க்கிறா பாருத்தா. நமக்கு நாலு மாட்டுக்கே நாக்குத் தள்ளுது."

அத்தையும் ஹெலனும் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினார்கள். அவர் இங்கிலீஷில், இவர் தமிழில். மழை இல்லை என்பதைத்தான் இருவரும் பேசினார்கள் என்று அத்தை சொன்னார். அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சம்சாரி வானத்தைப் பாத்து வேற என்னத்தப் பேசுவா?" என்றார். நிலா எல்லாவற்றுக்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறாள் என்று வளர் புலம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அத்தை அதைக் காதில் வாங்கவே இல்லை.

பொங்கலும் வந்தது, போனது. செந்தில் வாயைத் திறக்கவில்லை. குதிரை ஏறிய இடுப்புவலி என்று படுத்துக்கொண்டார்.

4

மாட்டுப் பொங்கலன்று காலையில் ஹெலனிடம் அனுமதி கேட்டேன். உழைக்கிற மாட்டுக்கு வருடத்தில் ஒருநாள் நாங்கள் நன்றி சொல்வோம், நெற்றியில் பொட்டு வைப்போம் என்றேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பட்டியில் கொஞ்சம் பசுக்கள் அடைத்திருக்கின்றன, சாதுவானவை, வேலிக்கு வெளியே நின்று புல்லைக் காட்டுங்கள், தானாக வரும் என்றார். லாரி ஒன்று வருகிறது, வழிகாட்டப் போகிறேன் என்று கேட் பக்கம் கிளம்பிவிட்டார். முந்தின நாள் நாங்கள் குதிரைச் சவாரி போயிருந்தபோது மாட்டு டாக்டர் வந்துவிட்டுப் போனது எங்களுக்குத் தெரியாது.

மஞ்சளும் குங்குமமும் குழைத்த கிண்ணத்தோடு பட்டிக்குப் போனோம். அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

"ஏத்தா, இங்க பாரு. நமக்கு முந்தி அந்தம்மா பொட்டு வச்சிருக்கு."

உண்மைதான். சில பசுக்களின் நெற்றியில் சிவப்பாகப் பளிச்சென்று ஒரு தீற்றல்.  முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்களுக்காக விடியலில் எழுந்து மாட்டுக்குப் பொட்டு வைத்திருக்கிறாரே என்று கண் கலங்கிப்போனேன்.

"எல்லாத்துக்கும் வைக்கப் பொழுது பத்தல போல. மிச்சத்துக்கு நாம வச்சிருவோம்" என்றார் அத்தை.

வைத்தோம். பிரமாதமாக வைத்தோம். மாடுகளுக்கே பயப்படுகிற நான்கூடக் கம்பிக்குள் கையை விட்டு வைத்தேன். நிலா புல்லைக் காட்ட, வளர் போட்டோ எடுக்க, மாமா "பொங்கலோ பொங்கல்" சொல்ல, ஒரு பசுவின் நெற்றிகூட மூளியாக இல்லாதபடி முடித்துவிட்டோம்.

லாரியும் ஹெலனும் வந்தார்கள். ஹெலன் பட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி பார்த்தார். யார் செய்தது என்று என்னிடம் கேட்டார்.

நீங்கள் ஆரம்பித்ததை நாங்கள் முடித்துவிட்டோம் என்றேன், பெருமையாக.

அந்தம்மாள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத்தான் விளக்கினார். அந்தச் சிவப்பு பொட்டில்லை. மாட்டு டாக்டர் சோதித்துப் பார்த்து, சினை பிடிக்காத பசுக்களுக்குப் போட்ட அடையாளம். சிவப்பு இருப்பதெல்லாம் இன்றைக்கு லாரியில் ஏறவேண்டியவை. இப்போது பட்டி முழுக்கவே சிவப்பு. சினை பிடிக்காத பசுவை இங்கே 'காலி' என்றுதான் சொல்கிறார்கள். ஹெலனும் அப்படித்தான் சொன்னார்.

"என்னத்தா சொல்லுது?" என்றார் அத்தை.

வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நோய்க்கு ஊசி போட்ட அடையாளம் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எனக்குச் சட்டென்று பொய் வராது. "சினை நிக்காத மாட்டுக்கு வச்ச அடையாளமாம் அத்தை. அதுகளை இன்னைக்கு ஏத்தி அனுப்பப் போறாங்களாம்."

வளர் தரையைப் பார்த்தாள். செந்தில் தொப்பியைச் சரிசெய்தார். மாமா இருமினார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கரிசனம்தான் எனக்கு எப்போதும் தாங்காது.

ஹெலன் அதற்குள் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்துவிட்டார். ஈரத்துணியால் துடைத்தால் உங்கள் சிவப்பு போய்விடும், எங்கள் சாயம் போகாது, சுலபம் என்றார். துணியைப் பார்த்ததும் அத்தைக்கு விளங்கிவிட்டது. குறுக்கே வந்து நின்றார்.

"பொட்ட அழிக்கக் கூடாது. நல்ல நாளும் அதுவுமா வச்ச பொட்டுத்தா. பொட்டு எப்ப அழிப்பாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? சொல்லு அந்தம்மாகிட்ட."

எப்போது அழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கணவனை இழந்த ஹெலனிடம் அதை எப்படிச் சொல்வது? எங்கள் வழக்கப்படி அது ஆகாது என்று மட்டும் சொன்னேன். அத்தை விடவில்லை.

"ஒரு வருசம் நிக்கலன்னா அதுக்காக அனுப்பிர்றதா? அடுத்த வருசம் நிக்கும். இன்னும் ஒரு வருசம் பாக்கலாம்ல? கேளு."

கேட்டேன். ஹெலன் அத்தையின் முகத்தைப் பார்த்துப் பொறுமையாகப் பதில் சொன்னார். பார்த்தாயிற்று. சிலவற்றுக்கு இரண்டு வருடம் பொறுத்தாயிற்று. மழை இல்லாத வருடத்தில் சினை மாட்டுக்கே புல் போதவில்லை.

"பாத்துட்டாங்களாம் அத்தை. ரெண்டு வருசம் பாத்துட்டாங்களாம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை. "நாங்களும் பாத்துட்டோம் அத்தை. எல்லா டாக்டரும் பாத்தாச்சு. போதும்னு நிறுத்திட்டோம். இனிமே எங்களுக்கு இல்ல."

நான் இன்னும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து ஹெலன் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு செந்திலைப் பார்த்தார். செந்தில் ஆமாம் என்று தலையசைத்தார். அத்தை குங்குமக் கிண்ணத்தைக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.  மாட்டுப் பட்டியில், சாணி நாற்றத்தில், லாரி டிரைவரை வைத்துக்கொண்டு சொல்கிற விஷயமா அது? என் நாக்கை நானே சபித்தேன்.

ஹெலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அத்தை கோபித்துக்கொண்டு போனது பொட்டுக்காகத்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். துணியை வாளியில் போட்டார். துடைக்க வேண்டாம் என்றார். ஒவ்வொரு பசுவாகக் குறுகலான வழியில் விட்டு, நெற்றியைக் கிட்டத்தில் பார்த்து, சாயம் எது குங்குமம் எது என்று பிரித்து, அனுப்ப வேண்டியவற்றின் முதுகில் நீலம் போடத் தொடங்கினார். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டார். உச்சி வெயில். தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கத்துக்காக, எங்கள் தப்புக்காக, ஒரு முணுமுணுப்பில்லாமல் அத்தனை மாட்டையும் மறுபடி நடத்தினார்கள். நம் ஊரில் ஒரு லாரிக்காரரை இப்படிக் காக்கவைத்திருந்தால் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். அந்த மனிதர்களைக் கும்பிடலாம் போலிருந்தது.

பாதி வேலையில் அத்தை திரும்பி வந்தார், சர்க்கரைப் பொங்கல் பானையோடு. காகிதத் தட்டில் வைத்து ஹெலனுக்குக் கொடுத்தார், டிரைவருக்குக் கொடுத்தார், எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார். என் கையில் தட்டை வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. டிரைவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நீலம் போட்ட பசுக்கள் லாரியில் ஏறின. "நாமளும் வித்திருக்கோம்ல, பாக்கியம்" என்றார் மாமா அத்தையிடம் மெதுவாக.

"வித்திருக்கோம். நான் இல்லன்னா சொன்னேன்?"

லாரி நகர்ந்தபோது அத்தை வேலியோரம் வரை போனார். "போயிட்டு வாங்கத்தா" என்றார் அந்த மாடுகளிடம். வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரிடமும் வெறுமனே 'போ' என்று அவர் சொன்னதே இல்லை.

5

மத்தியானம் நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செந்தில் சமாதானம் சொல்ல வந்தார். போய்ப் படுங்கள், இடுப்பு வலிக்கப் போகிறது என்று அனுப்பிவிட்டேன். கூடத்தில் அத்தையின் போன் அடித்தது. கறம்பக்குடியிலிருந்து அவருடைய அக்கா, வீடியோவில். நான் பெரியத்தை என்று கூப்பிடுகிறவர். பண்டிகைக்குப் பண்டிகை தவறாமல் போன் செய்வார். சத்தம் இரண்டு வீட்டுக்குக் கேட்கும்.

மாடு, மழை, மாமாவின் குதிரை எல்லாம் முடிந்தது. நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்து என்ன வருமென்று எனக்குத் தெரியும்.

"ஏன் பாக்கியம், மருமகளுக்கு எதுவும் உண்டா?"

"இல்லக்கா" என்றார் அத்தை. "இனிமேலும் இல்ல."

"என்னடி இப்படிச் சொல்ற? வேற டாக்டரு பாக்கலாம்ல..."

"எல்லாம் பாத்துட்டாங்க. அந்தப் புள்ள ஒடம்பு என்னத்துக்காகும்? போதும்னுட்டாங்க. நானும் போதும்னுட்டேன். இனிமே இதை அவகிட்ட யாரும் கேக்க வேணாம். ஊர்ல யாரு கேட்டாலும் எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு."

"அப்ப நம்ம செந்திலு..."

"அக்கா, புதுக்கோட்டைக்குப் பொண்ணு கேட்டுப் போனோமே, நீயுந்தான கூட வந்த? அவங்கப்பாகிட்ட நான் மருமகளைத்தான் கேட்டேன். பேரப்புள்ளையக் கேக்கல."

பெரியத்தை என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருந்தேன், நான் அழுவது கூடத்துக்குக் கேட்கக் கூடாது என்று.